‘சைக்கிள்தானே சார்’ என்றவருக்கும் அவருடைய மேலாளருக்கும்

தண்டையார்பேட்டை,
சென்னை.
2 ஆகஸ்ட் 2025

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: ஜூலை 17 இரவு முதல் 28 காலை வரை இணைய இணைப்பு இல்லாமற்போனது, அதற்காக வாங்கிய ஆறு புகார் எண்கள், வீணாய்ப் போன ஓர் அண்ணாநகர் பயணம், உங்கள் ஊழியர் பேசிய ஒரு வாக்கியம் ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான்கு ஆண்டுகளாக நான் உங்கள் வாடிக்கையாளர். மாதம் 599 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத வரியும் கெடுவுக்கு முன்பே கட்டிவிடுகிறவன். தெருவில் பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவன். இந்தக் கடிதத்தையும் பொறுமையாகவே எழுதி முடிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் வெள்ளை மோடம் பெட்டியில் எல்.ஓ.எஸ். (சிக்னல் இல்லை) என்று ஒரு விளக்கு இருக்கிறது. அது சிவப்பாக எரிந்தால் என்ன பொருள் என்று பெட்டியைக் கொடுத்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை தொலைபேசியில் அழைத்தபோதும் நான்தான் சொன்னேன். ஆறு பேருக்குச் சொன்னேன். ஆறு பேரும் பெட்டியை அணைத்துவிட்டு மீண்டும் போடச் சொன்னார்கள். கம்பம் வரை வந்த கண்ணாடி இழை அறுந்து கிடக்கும்போது பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டால் அது தானாக ஒட்டிக்கொள்ளும் என்பதைத் தயவுசெய்து எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

நடந்தது இது. ஜூலை 17, வியாழக்கிழமை. பிரான்ஸில் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியின் பன்னிரண்டாம் கட்டம், ஓட்டாகாம் மலை. முந்தைய நாள் துலூஸ் நகரத்தை நெருங்கும்போது முன்னணி வீரர் பொகாச்சார் கீழே விழுந்து கையைச் சிராய்த்துக்கொண்டார். உடன் வந்த போட்டியாளர்கள் வேகத்தைக் குறைத்து, அவர் வந்து சேரும்வரை பொறுத்திருந்தார்கள். எங்கள் வீட்டு மாடியில் அன்று இரவு பதினொரு மணி வரை இதே பேச்சுதான். என் மச்சான் பொகாச்சார் கட்சி. ஆனாலும் அவரே, “காத்திருந்தது முட்டாள்தனம், நானாக இருந்தால் மிதித்திருப்பேன்” என்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற எதிர்வீட்டு ஐயா, பொகாச்சாரின் முக்கியப் போட்டியாளரான விங்கெகோவின் கட்சி. அவரோ, “விழுந்தவனைத் தாண்டிப் போய் வாங்கும் ஜெயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?” என்றார். ஆக, தன் ஆளுக்கு எதிராக மச்சானும், எதிராளிக்கு ஆதரவாக ஐயாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்படியொரு விவாதத்தை நீங்கள் எந்தத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறீர்கள்? அடிபட்ட கையோடு மலையில் என்ன செய்யப்போகிறார் என்பதற்கு மறுநாள் விடை கிடைக்கும் என்று கலைந்தோம்.

மறுநாள் எட்டுப் பேர் மாடியில் கூடினோம். பஞ்சர் கடைக்காரர் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்திருந்தார். ஓட்டாகாம் ஏற்றம் தொடங்கியது. பொகாச்சாரின் அணியினர் வேகத்தைக் கூட்டினார்கள். படம் நின்றது. சக்கரம் சுற்றியது. சைக்கிள் சக்கரம் இல்லை, உங்கள் சக்கரம். பெட்டியைப் பார்த்தால் சிவப்பு.

அந்த மலையில் பொகாச்சார் தனியாகப் போய், விங்கெகோவை 2 நிமிடம் 10 விநாடி பின்னால் விட்டுவிட்டு ஜெயித்தார் என்பதை ஒரு கைப்பேசியில் எழுத்தாகப் படித்தோம். அந்த 2 நிமிடம் 10 விநாடியைவிட நீண்ட நேரம் உங்கள் காத்திருப்பு இசையை நான் அன்று கேட்டேன்.

இப்போது அந்த ஊழியரிடம் வருகிறேன். தேதிவாரியாக எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன், முடியவில்லை. ஜூலை 19, சனிக்கிழமை மாலை. அவருடைய பெயரை எழுத விரும்பவில்லை. ‘தரத்தை மேம்படுத்துவதற்காக இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது’ என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்களே, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். எப்போது ஆள் வருவார் என்று கேட்டேன். என்ன அவசரம் என்றார். உண்மையைச் சொன்னேன், என் தவறு அது. சிரித்தார். பிறகு சொன்னார்: “சைக்கிள்தானே சார். யார் ஜெயித்தார்கள் என்று நாளைக்குப் பேப்பரில் போடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் என்றால்கூடப் பரவாயில்லை.”

ஐயா, என் தகப்பனார் காசிமேட்டில் விடியற்காலையில் மீன் எடுத்து, கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பெரம்பூர் வரை மிதித்துப்போய் விற்றவர். அந்தச் சைக்கிளில்தான் நாங்கள் மூன்று பிள்ளைகளும் படித்தோம். எங்கள் வீட்டில் ‘சைக்கிள்தானே’ என்று யாரும் சொல்வதில்லை.

அந்த ஊழியருக்காகச் சில செய்திகளை எழுதுகிறேன், அவரிடம் கொடுத்துவிடுங்கள். இந்தப் போட்டி 1903-இல் தொடங்கியது. மூன்று வாரம், 21 கட்டங்கள், 3,300 கிலோமீட்டர் அளவுக்கு மிதிக்கிறார்கள். ஒவ்வொரு நாளின் நேரத்தையும் கூட்டிக்கொண்டே வந்து, மொத்தத்தில் குறைந்த நேரம் எடுத்தவருக்கு மஞ்சள் சட்டை. 1989-இல் லெமாண்ட் என்பவர் ஃபின்யோன் என்பவரைக் கடைசி நாளில் மொத்தம் 8 விநாடியில் தோற்கடித்தார். மூன்று வாரம் மிதித்து 8 விநாடி! உங்கள் தானியங்கிக் குரல் ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்று சொல்லி முடிப்பதற்குள் அந்த 8 விநாடி போய்விடும்.

பேப்பரில் போடுவது ஜெயித்தவர் பெயரை மட்டும்தான். எதிர்க்காற்றை யார் தன் நெஞ்சில் வாங்கித் தன் அணித் தலைவரைப் பின்னால் மறைத்து அழைத்துப் போனார், எந்தத் திருப்பத்தில் அவர் மூச்சு தீர்ந்து ஒதுங்கினார் என்பதைப் பேப்பர் சொல்லாது. அதைப் பார்ப்பதற்குத்தான் நாங்கள் உட்காருகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காட்டுக்கு மிதித்துவிட்டு, கடல்காற்று முகத்தில் அடிக்க எண்ணூர் வழியாகத் திரும்புகிறவர்கள் நாங்கள். முன்னால் போகிறவரின் முதுகு எவ்வளவு பெரிய உதவி என்பது எங்களுக்குத் தெரியும். (கண்டெய்னர் லாரியின் முதுகு வேறு விஷயம். அதன் பின்னால் போகக் கூடாது என்பதில் மட்டும் எங்கள் எட்டுப் பேருக்கும் ஒரே கருத்து.)

ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை. உங்களிடமிருந்து ஓர் அழைப்பு. ஆள் கிளம்பிவிட்டார், கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள் என்றார்கள். வாசலுக்கு வந்துவிட்டார் என்ற மகிழ்ச்சியில் சொல்லிவிட்டேன். புகார் முடிக்கப்பட்டது என்று அடுத்த நிமிடமே குறுஞ்செய்தி. யாரும் வரவில்லை. வேலையை முடித்தபின் கேட்க வேண்டிய எண்ணை வேலையைத் தொடங்கும் முன்பே கேட்டு வாங்குவதற்கு எங்கள் பக்கத்தில் வேறு பெயர் இருக்கிறது. மரியாதை கருதி எழுதவில்லை.

அடுத்தது அண்ணாநகர். ஜூலை 21 போட்டியாளர்களுக்கு ஓய்வு நாள். மறுநாள் வான்ட்டூ மலை. எப்படியாவது அதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று நான் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டேன். பெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணாநகர் சேவை மையத்துக்கு வரச் சொன்னது உங்கள் ஆள்தான். பழுது பெட்டியில் இல்லை என்று படித்துப் படித்துச் சொன்னேன், கேட்கவில்லை. மஞ்சள் பையில் பெட்டியையும் அதன் சார்ஜரையும் போட்டுக்கொண்டு தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, அண்ணாநகர் கோபுர நிலையத்தில் இறங்கி, வெயிலில் நடந்து, டோக்கன் வாங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். ஜன்னலில் இருந்தவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பெட்டி நன்றாக இருக்கிறது சார், இழையில்தான் கோளாறு” என்றார். நான்கு நாளாக நான் சொன்ன அதே வாக்கியம். “சரி, ஆள் அனுப்புங்கள்” என்றேன். “உங்கள் பின்கோடு எங்களுக்கு வராது” என்றார். யாருக்கு வரும் என்றதற்கு, வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைக்கச் சொன்னார். சேவை மையத்தில் நின்றுகொண்டு சேவை எண்ணை அழைத்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். அழைப்பை எடுத்தவர் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார். பெட்டி என் மஞ்சள் பைக்குள் இருந்தது.

மூன்று வாரம் மிதித்தவருக்கு மஞ்சள் சட்டை, மூன்று மணி நேரம் அலைந்தவனுக்கு மஞ்சள் பை.

மறுநாள் வான்ட்டூவை ஒரு கைப்பேசியில் பார்த்தோம். உள்ளங்கை அகலத் திரை, அதைச் சுற்றி எட்டுத் தலைகள். எனக்கு வலப்பக்க ஓரத்தில் ஒரு கீற்றுதான் தெரிந்தது. விங்கெகோ திரும்பத் திரும்பப் பாய்ந்தார், பொகாச்சார் ஒவ்வொரு முறையும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டார், உச்சியில் 2 விநாடி முன்னால் முடித்தார். அந்தக் கட்டத்தை ஜெயித்தது இருவருமே இல்லை, முன்பே பிரிந்து போயிருந்த பாரே பாந்த்ர். விங்கெகோ தன் அணியினரை மலையின் இன்னும் கீழ்ப்பகுதியிலேயே முடுக்கிவிட்டிருக்க வேண்டுமா, வேண்டாமா என்ற முக்கியமான கேள்வி ஒன்று எழுந்தது. ஐயாவுக்குக் கண்புரை. அவரால் எதையும் பார்க்க முடியவில்லை. பார்க்காத பந்தயத்தைப் பற்றி விவாதிக்க மாட்டேன் என்று எழுந்து போய்விட்டார். 71 வயது மனிதர், ஆண்டு முழுவதும் இந்த மூன்று வாரத்துக்காகக் காத்திருப்பவர். அவர் படி இறங்கிப் போன காட்சிக்கு நீங்கள் என்ன விலை போடுவீர்கள் என்று தெரியவில்லை. நான் போட்டிருக்கிறேன், கீழே பார்க்கவும்.

இன்னொன்று. ஜூலை 25 அன்று லா பிளான்யே மலைக்குப் போகும் கட்டத்தை 95 கிலோமீட்டராகச் சுருக்கினார்கள். காரணம், வழியில் ஒரு மலையில் மாடுகளுக்குத் தோல் கழலை நோய். மந்தைக்காரர்களின் துயரத்தை மதித்துப் பாதையை மாற்றினார்கள், அதையும் முந்தைய நாளே அறிவித்தார்கள். பிரான்ஸில் மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்பது தண்டையார்பேட்டையில் இருக்கும் எனக்கு ஒரு நாள் முன்னதாகவே தெரிந்துவிட்டது. என் தெருமுனைக் கம்பத்தில் கம்பி அறுந்தது உங்களுக்குப் பதினொரு நாள் தெரியவில்லை.

ஜூலை 27 அன்று பாரிஸில் போட்டி முடிந்தது. மொன்மார்த்தர் மேட்டை மழையில் மூன்று முறை ஏறவைத்தார்கள், அன்றைய கட்டத்தை வான் ஆர்ட் ஜெயித்தார். மொத்தத்தில் பொகாச்சாருக்கு நான்காவது முறையாகப் பட்டம், விங்கெகோ 4 நிமிடம் 24 விநாடி பின்னால். எல்லாம் முடிந்தபின், 28 திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் ஆள் வந்தார்.

அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். கம்பத்தில் ஏறிப் பார்த்தார், ஏதோ ஒரு கண்டெய்னர் லாரி இழுத்துவிட்டுப் போயிருக்கிறது என்றார், இருபதே நிமிடத்தில் இழையை ஒட்டிக் கொடுத்தார், மோர் குடித்தார். என் புகார் அவருக்கு அன்று காலைதான் வந்ததாம். அதுவரை வேறு பகுதிக்காரரின் கணக்கில் கிடந்திருக்கிறது. இருபது நிமிட வேலை! அதற்காக 10 கட்டங்கள்!

நான் சண்டைக்காரன் இல்லை. தயவுகூர்ந்து கேட்டுக்கொள்கிறேன்: பதினொரு நாள் கட்டணத்தைக் கழியுங்கள் (முழு மாதத்துக்கும் பில் அனுப்பியிருக்கிறீர்கள், அந்தத் துணிச்சலுக்கு என் வணக்கம்). போட்டியைக் காட்டும் செயலிக்கு நான் தனியாகக் கட்டிய சந்தாவில் பாதியையும், கைப்பேசி டேட்டாவுக்கான செலவையும், ஒரு நாள் விடுப்புச் சம்பளத்தையும் கொடுங்கள். மன உளைச்சலுக்கு, ஐயாவின் உளைச்சலையும் சேர்த்து, 50,000 ரூபாய். என் மனைவி இதை ஏற்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினொரு நாளும் வீடு வீடாக இருந்தது என்கிறார். அது எங்கள் குடும்ப விவகாரம்.

இவை அனைத்துக்கும் மேலாக, அந்த ஊழியர் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தால் போதும், 50,000-ஐக் குறைத்துக்கொள்வது பற்றிப் பேசலாம்.

பேசாவிட்டால், முதலில் உங்கள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போவேன். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்கெல்லாம் நுகர்வோர் ஆணையத்துக்கு வராது என்று உங்கள் வழக்கறிஞர் சொல்லக்கூடும். வரும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இலேயே சொல்லிவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. வாதாட எங்கள் மாடியில் எட்டுப் பேர் இருக்கிறோம், வேலை இல்லாமல்.

நல்ல பதிலை எதிர்பார்த்து,

இப்படிக்கு,
உங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர் (இன்றுவரை)

இணைப்பு: ஆறு புகார் எண்கள், ஜூலை மாத பில், அண்ணாநகர் டோக்கன், சிவப்பு விளக்கின் நான்கு படங்கள்.

பின்குறிப்பு: ஆகஸ்ட் 23 அன்று ஸ்பெயின் நாட்டின் வுவெல்டா சைக்கிள் போட்டி தொடங்குகிறது, இந்த முறை இத்தாலியின் டூரின் நகரிலிருந்து. விங்கெகோ வருகிறார், ஐயாவும் மாடி ஏறச் சம்மதித்திருக்கிறார். ஒட்டிய இடத்தில் இழை இன்னும் தாழ்வாகத்தான் தொங்குகிறது, அடுத்த லாரிக்கு எட்டும். அதற்கு முன் உயர்த்திக் கட்ட ஆள் அனுப்பவும். பகலில் அம்மா மட்டும்தான் இருப்பார். காது சற்று மந்தம், கதவை ஓங்கித் தட்டச் சொல்லவும். ஓ.டி.பி. கேட்க வேண்டாம் என்றும் சொல்லவும்.