ஒரு காந்தாரத்தைச் சீவிக் கொடுத்த அண்ணாச்சிக்கு

நெல்லைச் சீமையில் பாடுகிற எல்லாருக்கும், அன்றைக்கு நின்றும் உட்கார்ந்தும் கேட்ட எல்லாருக்கும் வணக்கம்.

தண்ணீர் வந்த கதையை இங்கே திரும்ப எழுதவில்லை. எல்லார் வீட்டுச் சுவரிலும் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. பாளையங்கோட்டையில் சர்ச் கொயர்களும் கர்நாடகக் கச்சேரிப் பாடகர்களும் சேர்ந்து பாடுவதாக இருந்த சாயங்காலம் நடக்காது என்றுதான் ஊரே நினைத்தது. நடந்துவிட்டது. கடைசி ஸ்வரம் காதைவிட்டு இறங்குவதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும்.

முதல் நன்றி ஆர்மோனிய அண்ணாச்சிக்கு. பேர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவரைத் தெரியாத கோயில் நம் பக்கத்தில் கிடையாது என்பதால் பேர் தேவையும் இல்லை.

பெடல் ஆர்மோனியத்தின் கீழ்ப்பாதி தண்ணீரில் நின்றிருந்தது. இப்படி நனைந்த பெட்டியை வெயிலில் வைப்பதுதான் முதல் தப்பு. மரம் வெடிக்கும், துருத்தியின் மடிப்பில் வச்சிரப் பசை விட்டுப்போகும். அண்ணாச்சி அதை நிழலில் வைத்து, பின்பலகையைக் கழற்றி, மின்விசிறிக் காற்றிலேயே நாலு நாள் உலரவிட்டார். பிறகு துருத்தித் துணியை மாற்றினார், ஊறிப்போய் இறுகிய, விரலால் அழுத்துகிற கட்டைகளின் பக்கவாட்டை லேசாக இழைத்தார். காற்றில் அதிர்ந்து ஸ்வரம் தருகிற பித்தளை ரீடுகளை ஒவ்வொன்றாக உருவி, அவற்றின் நாக்கில் பூத்திருந்த பச்சைக் களிம்பை மெல்லிய தூரிகையால் தட்டி எடுத்தார். உப்புத்தாள் படவே கூடாது. நாக்கின் நுனியில் களிம்பு ஏறினால் சுருதி இறங்கும், நுனியைத் தேய்த்துவிட்டால் ஏறும். தேய்ந்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. இவ்வளவுக்கும் அவர் வாங்கிக்கொண்டது துணிக்கும் தோலுக்கும் ஆன காசு மட்டும்.

இது பெரிய உதவி. ஆனாலும் இந்த மடல் அதற்காக இல்லை.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் ஒத்திகை. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வர சாகித்தியம் ஒன்றைப் பாட எடுத்திருந்தார்கள். வெள்ளைக்காரர் பாண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதி, முப்பதுக்கும் மேல் அவர் செய்து வைத்திருக்கிறார். அந்த மனிதர் 1835-இல் கண் மூடியது நம் எட்டயபுரத்தில். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, இல்லாத சங்கராபரண ராகம். கொயருக்கும் கச்சேரிக்காரர்களுக்கும் பொதுவாக ஒரு பாட்டு வேண்டுமென்றால் இதைவிடத் தோதானது கிடைக்காது. சுருதி ஒரு கட்டை, அதாவது கொயர்க்காரர்களின் சி. ஐந்து கட்டையில் பாடிப் பழகிய பெண்களுக்கு மேல் ஸ்தாயி எட்டாது என்பதால் அவர்கள் கொயரின் கீழ்ப் பெண்குரலான ஆல்ட்டோவோடு நின்றார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஸ-க-ப (ஸட்ஜம், காந்தாரம், பஞ்சமம்) மூன்றும் சேர்ந்து நிற்கிற இடத்தில் ஒரு அரிப்பு இருந்தது. குரலைக் குறை சொன்னோம், மழைக்குளிரைக் குறை சொன்னோம், பேஸ் வரிசையையும் விடவில்லை. அண்ணாச்சி சாமான்களைக் கட்டிக்கொண்டே சொன்னார்: “பிள்ளைய மேல தப்பில்லவே. பெட்டிக் காந்தாரம் ஒசந்து நிக்கி.”

சொன்னது சரி. ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயியை, அதாவது ஸ முதல் மேல் ஸ வரை, 12 சமபாகமாக வகுத்திருக்கிறது. தம்புராவின் ஸட்ஜத் தந்தியில் தானாகக் கேட்கிற சுயம்பு காந்தாரம் அதைவிட 14 சென்ட் கீழே. (நிலத்து சென்ட் இல்லை, அரைச்சுரத்தில் நூற்றில் ஒரு பங்கு.) ஒரு கட்டைக்குக் கணக்குப் போட்டால் பெட்டியில் சுமார் 329.6 ஹெர்ட்ஸ், தம்புராவோடு ஒட்டிப் பாடுகிறவர் தொண்டையில் 327. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் சத்தம் ஏறி இறங்கி நொடிக்கு இரண்டரை அலைக்கு மேல் அடிக்கும். கச்சேரிப் பாடகர்கள் தம்புராவைக் கேட்கிறார்கள், கொயர் பெட்டியைக் கேட்கிறது, இரண்டு பக்கமும் சுத்தமாகப் பாடினாலும் அரிப்பு போகாது. பாட்டு எவ்வளவு சுத்தமாகிறதோ அவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்பதுதான் இதில் கொடுமை.

யாரும் கூப்பிடாமல் மறுநாள் காலையில் அண்ணாச்சி ஒரு சின்னச் சுரண்டியோடு வந்து நின்றார். அந்தப் பெட்டியில் ரீடு இரண்டு வரிசை. முதல் வரிசையைத் தொடவில்லை. இரண்டாவதில் நடு ஸ்தாயிகளின் காந்தாரம் மூன்றே மூன்று நாக்கு. ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய தகட்டைச் செருகி, நுனியில் அல்லாமல் ஆணி அடித்திருக்கிற அடிப்பக்கமாக இரண்டு இழுப்பு. பிறகு காத்திருந்தார். சுரண்டின சூடு ஆறாமல் கேட்டால் பித்தளை பொய் சொல்லுமாம். ஆறினதும் தம்புராவை மீட்டச் சொல்லிக் கட்டையை அழுத்துவார். அலை நின்றதா, இல்லையென்றால் இன்னொரு இழுப்பு. கருவி, செயலி எதையும் பார்க்கவில்லை. மூன்று நாக்குக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

சாம்பவர்வடகரையில் பிறந்த இசை ஆராய்ச்சியாளர் ஆபிரகாம் பண்டிதர் இருந்திருந்தால் இதற்குச் சண்டைக்கே வந்திருப்பார். 1917-இல் வந்த கருணாமிர்த சாகரம் என்ற நூலில், ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற கணக்கை மறுத்து, 12-ம் 24-மாகச் சமமாக வகுப்பதே முறை என்று வாதாடியவர். அண்ணாச்சி அந்தக் கட்சி இல்லை. எந்தக் கட்சியும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அலை அடித்தால் அவருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

அன்று அந்த ஸ-க-ப நின்றபோது ஒரு கணம் கை தட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை அல்லவா? அந்த மூன்று நாக்குதான் காரணம்.

மற்றவர்களுக்கு மொத்தமாக நன்றி சொல்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் ஊதி இறுகிய தம்புராவின் தந்தி முறுக்கும் பிரடைகளை உடைக்காமல் திருப்பி, தந்திக்கு அடியில் வைக்கிற ஜீவாளி நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி நாதத்தைத் திறந்துவிட்ட வாத்தியார். படகிலும் டிராக்டரிலும் வந்த டெனர்கள். ஜெனரேட்டரைச் சத்தம் கேட்காத தூரத்துக்குத் தள்ளிக் கட்டிய பையன்கள். மூன்று நாள் சுக்குக் காப்பி போட்ட அக்காமார்.

பாட்டுத்தாளைத் திருத்தி எழுதிய இரண்டு டீச்சர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். கொயர்கள் பார்த்துப் பாடுகிற டோ-ரே-மி எழுத்து முறையான டானிக் சல்ஃபாவில் ‘ம’ என்றால் நமக்குக் காந்தாரம். ‘ஸ’ என்றால் நமக்குப் பஞ்சமம். அங்கே ‘ல’ என்பதுதான் நம் தைவதம். ஒரே தாளை இரண்டு கூட்டமும் பிடித்தால் என்ன ஆகும் என்பதை முதல் ஒத்திகையில் கேட்டோம். அவர்கள் சல்ஃபாவைக் கறுப்பிலும் ஸ்வரத்தைச் சிவப்பிலும் மேலும் கீழுமாக எழுதித் தந்தார்கள். திருநெல்வேலியில் 1774-இல் பிறந்த, கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து கீர்த்தனையும் மேல்நாட்டு மெட்டுப் பாமாலையும் ஒரே கூரையின் கீழ்தான் பாடப்படுகின்றன. ஆனாலும் இரண்டையும் ஒரே தாளில் பார்ப்பது அரிது.

கமகத்தோடு பாடின கீர்த்தனையில் மத்திமம் (ம) அசைகிற வரிகளில் கீழ்க்குரல்கள் தங்கள் வரியை விட்டுக்கொடுத்து ஸ-ப மட்டும் பிடித்தார்கள். அசைகிற ம-வுக்கு அடியில் ஆல்ட்டோ அசையாத ம பிடித்தால் இரண்டும் இடிக்கும். நாலு குரலுக்குப் பழகினவர்கள் தங்கள் வரியை விடுவது லேசில்லை. அதற்கும் நன்றி.

இனி ஒவ்வொரு ஒத்திகையிலும் முதல் கால் மணி நேரம் பெட்டி மூடியிருக்கும், தம்புரா மட்டும்தான். ஸ, ப, பிறகு க, இந்த வரிசையில் நிறுத்திப் பழகிவிட்டு மற்றதைத் தொடுவோம். வாக்குக் கொடுத்திருக்கிறோம், மீறினால் அண்ணாச்சியிடம் சொல்லிக்கொடுக்கலாம்.

இப்படிக்கு,
பாடினவர்களும் பெட்டி தூக்கினவர்களும்

பி.கு.: இரண்டாம் ரீடு வரிசையைத் திறக்கிற குமிழில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது, அவிழ்க்க வேண்டாம். அந்த வரிசை ஒரு கட்டை சங்கராபரணத்துக்கும் மோகனத்துக்கும் மட்டும். ஏ மைனரில் வரும் பாமாலைக்கு அதை இழுத்தால் ஏ-யும் ஈ-யும் (ஒரு கட்டைக் காந்தாரம்தான் ஈ) சேரும் இடத்தில் ஊளையிடும். இரண்டு குமிழையும் ஒன்றாக இழுக்கவே கூடாது.