ஸ்லைடில் தென்படாத செல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு அறிவியல் இணைப்பில் வெளிவந்த நரம்பு மண்டலக் கட்டுரை, நியூரான் எனும் நரம்புச் செல்லின் உடலம், செய்தி வாங்கும் கிளைகளான டென்ட்ரைட்டுகள், செய்தி கடத்தும் நீண்ட இழையான ஆக்சான் ஆகியவற்றைப் பள்ளி மாணவருக்கும் விளங்கும்படி எடுத்துரைத்தது. ஆனால் நரம்பு மண்டலத்தின் துணைச் செல்களான கிளியா செல்களை, 'நியூரான்களுக்கு இடையிலுள்ள இடத்தை நிரப்பும் பசை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, அவை எண்ணிக்கையில் நியூரான்களைப் போலப் பத்து மடங்கு என்றும் சேர்த்துக்கொண்டது. சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியின் திசுவியல் ஆய்வகத்தில் ஸ்லைடு தயாரித்தே பணி ஓய்வு பெற்ற எனக்கு, இவ்விரண்டையும் படித்தபின் எழுதாமலிருக்க முடியவில்லை.

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடுகிறேன். மூளைத் திசுவைக் கரைசலாக்கி உட்கருக்களை எண்ணிய பிரேசில் ஆய்வாளர்கள், மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்களும், கிட்டத்தட்ட அதே அளவு பிற செல்களும் இருப்பதாக 2009இல் வெளியிட்டனர். பத்து மடங்கு என்பது பழைய பாடநூல்களிலிருந்து கைமாறி வந்த கணக்கு.

'பசை' என்ற பெயர் 1856இல் ஜெர்மானிய நோயியல் அறிஞர் விர்ஷோ இட்டது. அது இவ்வளவு காலம் நிலைத்ததற்கு எங்கள் சாயங்களுக்கும் பங்குண்டு. வழக்கமான ஹிமடாக்சிலின்–இயோசின் சாயத்தில், நியூரான் பெரிய உட்கருவும், அதைச் சுற்றி நிஸ்ஸல் துகள்கள் எனப்படும் ஊதா நிறச் சிறு மணிகளுமாகப் பளிச்சென்று நிற்கும். கிளியாவிலோ உட்கரு மட்டும் சிறு கரும்புள்ளியாகத் தெரிய, அதன் கிளைகள் யாவும் இளஞ்சிவப்புப் பின்னணியில் கரைந்துவிடும். ஆக்சானைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையான மயலினின் கதி இன்னும் மோசம். மெழுகில் பதிப்பதற்கு முன் திசுவை ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறவைக்கும்போதே அதன் கொழுப்பு கரைந்து போய்விடுவதால், நரம்பின் குறுக்கு வெட்டில் ஆக்சானைச் சுற்றி வெற்று வளையமே மிஞ்சும். அந்த வளையத்தைக் காட்டி, "இங்கே ஒன்றுமில்லையே, சார்" என்று கேட்காத முதலாண்டு மாணவர் அரிது. அதே நரம்பை ஆஸ்மியம் டெட்ராக்சைடில் இட்டால் வளையம் கன்னங்கரேலென்று எழும். கிளியாவுக்குள் மைக்ரோகிளியாவைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டுவதற்கே, 1919இல் ஸ்பானிய ஆய்வாளர் ரியோ ஒர்ட்டேகா புதிய வெள்ளிச் சாய முறையொன்றை உருவாக்க வேண்டியிருந்தது.

அந்த மயலின் உறையைச் சுற்றுபவையும் கிளியா செல்களே: மூளையிலும் தண்டுவடத்திலும் ஒலிகோடென்ட்ரோசைட்டுகள், புற நரம்புகளில் ஷ்வான் செல்கள். முன்னது ஒன்றே பல ஆக்சான்களுக்கு உறையிடும், பின்னது ஒரே ஆக்சானின் ஒரு துண்டுக்கு மட்டும். துண்டுகளுக்கு இடையிலுள்ள ரான்வியர் கணுக்களில் தாவிச் செல்வதால்தான் நரம்புத் துடிப்பு விரைகிறது. ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற மற்றொரு வகைக் கிளியா செல்கள், நியூரான்கள் சந்திக்கும் சினாப்சில் தேங்கும் குளூட்டமேட் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளை அகற்றுகின்றன. மைக்ரோகிளியா சிதைவுகளை விழுங்குகிறது.

ஷ்வான் செல்லைப் பற்றி நம் வாசகருக்குச் சொல்ல அயல்நாட்டு உதாரணம் தேவையில்லை. செங்கல்பட்டில் மத்திய அரசின் தொழுநோய் ஆய்வு நிறுவனம் 1955 முதல் இயங்கிவருகிறது. தொழுநோய்க் கிருமி நரம்பில் குடிபுகுவது இந்த ஷ்வான் செல்லுக்குள்தான். தோலில் உணர்வற்ற திட்டு தோன்றுவதும், சுடுபாத்திரத்தைத் தொட்டும் கை அறியாமற்போவதும் அங்கிருந்து தொடங்கும் சேதத்தின் விளைவே.

கட்டுரையுடன் அச்சாகியிருந்த மூளைப் படமும் ஹிமடாக்சிலின்–இயோசின் சாயமிட்டதாகவே தெரிகிறது. திருத்தம் வெளியிடும்போது, வெள்ளிச் சாயமிட்ட படமொன்றை அதன் அருகிலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திசுவியல் ஆய்வக நுட்பநர்,
சைதாப்பேட்டை, சென்னை.