2024–25 ஆண்டறிக்கை: பலகை, ஐஸ் பெட்டி, சந்தா பாக்கி

அன்பான பெங்களூரு தமிழ்க் கிறிஸ்தவர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கமும் ஸ்தோத்திரமும்.

பொதுக்குழுவுக்கு 84 குடும்பங்களில் 23 குடும்பத்திலிருந்துதான் ஆள் வந்தார்கள். வந்தவர்களும் சாப்பாடு ஆறுகிறது என்று அறிக்கையைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அதனால் விட்டுப்போனதையும் சேர்த்து முழுதாக எழுதி எல்லோருக்கும் அனுப்புகிறேன். நீளமாக இருக்கிறதே என்று மூடிவிடாமல் கடைசிவரை படியுங்கள், குறிப்பாக அன்றைக்கு வராதவர்கள்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். ஜூனில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். சுதந்திர தினத்தில் கொடி ஏற்றினோம். செப்டம்பர் 8 அன்று காவி உடுத்தி சிவாஜிநகர் மாதா கோயிலுக்கு நடந்துபோனவர்களுக்கு வாசலில் மோர் கொடுத்தோம்; சிஎஸ்ஐ வீட்டுப் பிள்ளைகளும் பெந்தெகொஸ்து வீட்டுப் பிள்ளைகளும்கூட நின்று ஊற்றினார்கள், மனதுக்கு நிறைவாக இருந்தது. டிசம்பரில் மூன்று இரவு கேரல்ஸ் போனோம். செயற்குழு 12 முறை கூடியிருக்க வேண்டும், 7 முறை கூடியது.

இனி பலகை விஷயம். பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024-ல் சட்டம் வந்ததும் நாமும் மே மாதம் பலகையை மாற்றினோம். மேலே பெரிதாகக் கன்னடம், கீழே சின்னதாகத் தமிழும் ஆங்கிலமும். சிலருக்கு அதில் மனக்கசப்பு, எனக்கும் முதலில் கொஞ்சம் இருந்தது, மறைக்கவில்லை. ஆகஸ்டில் ஒருநாள் எதிர்வீட்டு டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டார். அரசுப் பள்ளியில் கன்னடம் நடத்தி ஓய்வு பெற்றவர், நெற்றியில் குங்குமம் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. "உங்கள் பலகையில் பெயரே தப்பாக இருக்கிறதே, யாரும் பார்க்கவில்லையா?" என்று கேட்டார். கன்னடத்தில் இரண்டு மெய் சேர்ந்து வந்தால் இரண்டாவதைச் சிறிதாக்கி முதல் எழுத்தின் கீழே தொங்கவிடுவார்கள், ஒத்தெழுத்து என்று பெயர். ‘க்ரைஸ்த’ என்று எழுத வேண்டிய இடத்தில் பெயிண்டர் அந்த இரண்டு ஒத்தெழுத்தையும் விட்டுவிட்டார். கிறிஸ்தவர் என்ற நம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று மாதமாக ‘கைஸ’ என்று அர்த்தமில்லாத ஒன்று நின்றிருக்கிறது. தினமும் அதன் கீழேதான் எல்லோரும் போய்வந்தோம். பள்ளியில் கன்னடம் படிக்கிற நம் பிள்ளைகள் கவனித்திருக்கிறார்கள். நாம் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இந்த ஊரில் நமக்கு மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறை நடக்கிறது. கன்னடம் பேசுவோம், பேரம் பேசுவோம், சண்டைகூடப் போடுவோம். ஆனால் எழுத்து தெரியாது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வெட்கத்தில்தான் கன்னட வாசிப்பு வகுப்பைத் தொடங்கினேன். ஞாயிறு மாலை 5 மணி, சங்கக் கூடத்தில், டீச்சரம்மாவே நடத்துகிறார். சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், காபி மட்டும் குடிப்பார்.

முதல் வகுப்பில் அவர் செய்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. கரும்பலகையில் ஒரு பக்கம் பால், பல், பூ, புலி, பத்து என்று நம்மையே சொல்லச் சொல்லி, என்னைத் தமிழில் எழுத வைத்தார். மறுபக்கம் தானே கன்னடத்தில் எழுதி வாசித்துக் காட்டினார்: ஹாலு, ஹல்லு, ஹூவு, ஹுலி, ஹத்து. அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "பழைய கன்னடத்தில் எங்களுக்கும் ப-தான். எங்கள் வாயில் ஹ ஆகிவிட்டது, உங்கள் வாயில் அப்படியே நின்றுவிட்டது, அவ்வளவுதான்" என்றார். கூடத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இத்தனை வருடமாக வேறு வேறு என்று நினைத்திருந்த சொற்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போலக் கரும்பலகையில் நின்றன. 71 வயது அண்ணன் ஒருவர், 40 வருடமாக நம்பரைப் பார்த்தே பஸ் ஏறியவர், நவம்பரில் பஸ் போர்டில் ‘ஶிவாஜிநகர’ என்று எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு ஏறினார். அன்று இரவே எனக்குப் போன் செய்து சொன்னார்.

31 பேர் பெயர் கொடுத்தீர்கள். டிசம்பரில் 9 பேர்தான் வந்தீர்கள். வேலை, கல்யாணம், ஊர்ப் பயணம் எல்லாம் எனக்கும் உண்டு, அதைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் "தமிழ்ச் சங்கத்தில் கன்னட வகுப்பா? 1991 மறந்துபோச்சா?" என்று சிலர் கேட்டதாகக் காதுக்கு வந்தது. மறக்கவில்லை. 1991 டிசம்பரில், காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி இங்கே தமிழர்கள் தாக்கப்பட்டபோது எனக்கு 14 வயது. தெருவில் இறங்கினால் தமிழில் வாய் திறக்கக்கூடாது என்று பாட்டி சொல்லி அனுப்பினார். 2016 செப்டம்பர் 12 அன்று மறுபடியும் காவிரிப் பிரச்சினையில் பஸ்கள் எரிந்தபோது என் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர இரவு ஆகிவிட்டது. அந்தப் பயம் எனக்கும் தெரியும்.

நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். கிலேயாத்தியர் யோர்தான் துறையில் நின்றுகொண்டு, தோற்று ஓடிவந்த எப்பிராயீமரை உச்சரிப்பில் கண்டுபிடிக்க, கடக்க வந்தவர்களை ‘ஷிபோலேத்’ சொல்லச் சொன்னார்கள். ‘சிபோலேத்’ என்று சொன்னவர்களை வெட்டினார்கள், அந்தச் சண்டையில் விழுந்தவர்கள் 42,000 பேர் என்று எழுதியிருக்கிறது. ஒரே வேதம், ஒரே தகப்பன் வழி வந்த ஜனங்கள், ஒரு எழுத்தால் பிரிந்துபோனார்கள். டீச்சரம்மாவும் நம்மிடம் எழுத்தைத்தான் சொல்லச் சொல்கிறார். நாம் தப்பாகச் சொன்னால் இன்னொரு தடவை சொல்லிக் கொடுக்கிறார். நமக்குச் சுவிசேஷம் கிடைத்ததும் இப்படித்தானே? 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு முதலில் தமிழ் எழுத்தைக் கற்றார். இந்தப் பக்கம் கிட்டல் பாதிரியார் 1894-ல் வெளியிட்ட கன்னட அகராதியை இன்றைக்கும் கன்னடர்கள் எடுத்துப் புரட்டுகிறார்கள். ஜெர்மனியிலிருந்து வந்தவர்களுக்கு முடிந்தது எதிர்வீட்டில் இருக்கிற நமக்கு முடியாதா?

அடுத்து ஐஸ் பெட்டி, அதாவது இறந்தவர் உடலை அடக்கம்வரை வைக்கிற நம் சங்கத்தின் குளிர்பெட்டி. இதைப் பற்றித்தான் செயற்குழுவுக்கு 6 பேர் கையெழுத்திட்ட புகார் வந்தது, பதிலை எழுத்தில் தருவது என் கடமை.

நவம்பரில் ஒரு நாள் இரவு 2 மணிக்குக் கதவு தட்டும் சத்தம். பின் சந்தில் இருக்கிற, நம் தெருவைத் தினமும் கூட்டுகிற மாநகராட்சித் தொழிலாளி அம்மாவின் மகன் நின்றிருந்தான். அப்பா இறந்துவிட்டார், அக்கா ஆந்திராவிலிருந்து வந்து சேர மறுநாள் சாயங்காலம் ஆகும், பெட்டி கிடைக்குமா என்று கேட்டான். தெலுங்கு பேசுகிற குடும்பம், சங்க உறுப்பினர்கள் அல்ல. விதிப்படி பெட்டி உறுப்பினர்களுக்கு மட்டும். நான் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். பெட்டியின் ஒரு பக்கத்தை அவன் பிடித்தான், மறுபக்கத்தை நான் பிடித்தேன், சந்து குறுகல் என்பதால் இரண்டு இடத்தில் சாய்த்துத்தான் கொண்டுபோக முடிந்தது. வீட்டில் பிளக் பாயின்ட் சரியில்லை, பக்கத்து வீட்டு முஸ்லிம் பாய் தன் வீட்டிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தார். மறுநாள் இரவு பெட்டி கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது.

அனுமதி கேட்காமல் கொடுத்தது முறையல்ல என்பது புகார். சரி, இரவு 2 மணிக்குச் செயற்குழுவைக் கூட்ட முடியாது, பகலிலேயே கூடுவதில்லை. அந்தத் தவறை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் புகாரில் எழுதாமல் வாயால் சொன்ன ஒரு வார்த்தை இருக்கிறது. "அந்த வீட்டுக்குப் போன பெட்டியை நாளைக்கு நம் வீட்டில் எப்படி வைப்பது?" யார் சொன்னது என்று எழுத மாட்டேன். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்காக எழுப்பிய சுவரைப் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம், வெட்கக்கேடு என்று பேசியுமிருக்கிறோம். தாத்தா காலத்தில் மூட்டை கட்டி இந்த ஊருக்கு ரயில் ஏறியபோது அந்தச் சுவரிலிருந்து நாமும் ஒரு செங்கல்லை எடுத்து வைத்துக்கொண்டோமோ என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் சங்கத்தில் இரண்டு வேதாகமமும் இருக்கிறது. சிஎஸ்ஐ வீடுகளில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பில் நியாயசாஸ்திரி ஒருவர் இயேசுவிடம், "எனக்குப் பிறன் யார்" என்று கேட்கிறார். கத்தோலிக்க வீடுகளில் இருக்கிற பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் ‘அடுத்திருப்பவர்’ என்று இருக்கிறது. ஒன்றில் அந்நியன், இன்னொன்றில் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டையும் சேர்த்துப் படித்தால் பின் சந்தின் விலாசமே எனக்குத் தெரிகிறது. அதற்குப் பதிலாக இயேசு சொன்ன கதையில், அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய சமாரியன், அவன் எந்த ஊர், எந்தக் கோயில் என்று ஒரு வார்த்தை கேட்டதாக எழுதியில்லை.

அவன் சத்திரக்காரனிடம் கொடுத்தது இரண்டு பணம். ஒரு பணம் ஒரு நாள் கூலி என்று மத்தேயு 20-ல் இருக்கிறது. நம் ஆண்டுச் சந்தா 600 ரூபாய், இங்கே ஒரு மேஸ்திரியின் ஒரு நாள் கூலிகூட இல்லை. அதில் 37 குடும்பங்கள் பாக்கி. புகாரில் கையெழுத்திட்ட 6 பேரில் 4 பேர் ஒரு வருடத்துக்கு மேல் கட்டவில்லை. "எங்கள் சந்தாவில் வாங்கிய பெட்டி" என்ற வாசகம் அந்தக் கடிதத்தில் இருப்பதால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று. அன்பு ஒன்றைத் தவிர வேறெதிலும் யாருக்கும் கடன்படாதிருங்கள் என்று பவுல் ரோமருக்கு எழுதினார். நமக்கு அன்புக் கடன், சந்தாக் கடன் இரண்டும் நிற்கிறது.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கிறது, வங்கியில் சிறு தொகை மீதி. பெட்டியின் கம்ப்ரஸர் ரிப்பேர் எதிர்பாராத செலவு. பில்கள் பொருளாளரிடம் இருக்கின்றன, தணிக்கை முடிந்ததும் பார்க்கலாம்.

தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், ஜெப உதவி செய்த ஆயர்கள், பங்குத்தந்தை, சமையலுக்கு நின்ற சகோதரிகள், நாற்காலி தூக்கிய வாலிபர்கள் எல்லோருக்கும் நன்றி. டீச்சரம்மாவுக்குத் தனியாக நன்றி. பலகையில் விட்டுப்போன இரண்டு எழுத்தையும் ஸ்டூல் போட்டு ஏறி அவரே சாக்பீஸால் குறித்துக் காட்டினார், அதன் மேல்தான் பெயிண்டர் எழுதினார்.

வரும் வருடத்துக்கு என் பெயரை யாராவது முன்மொழிந்தால் மறுக்க மாட்டேன், வேறு யாராவது வந்தால் சந்தோஷமாகச் சாவியைக் கொடுப்பேன். யார் வந்தாலும் ஒரு தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் கொண்டுவரக் கேட்கிறேன்: ஐஸ் பெட்டி விதியிலிருந்து ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்பதை எடுத்துவிட வேண்டும். திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், பாக்கி உள்ளவர்களுக்கு ஓட்டு கிடையாது. அந்தத் தீர்மானத்துக்கு எதிராக ஓட்டுப் போட நினைக்கிறவர்களும் சந்தாவைக் கட்டிவிட்டு வந்து போடுங்கள், நேருக்கு நேர் பேசிக்கொள்வோம்.

கன்னட வகுப்பு ஈஸ்டர் முடிந்த இரண்டாவது ஞாயிறு, அதே 5 மணிக்கு மறுபடி தொடங்கும். இரட்டைக் கோடு நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று போதும். முன்பு நின்றுபோன 22 பேரும் முதலிலிருந்து தொடங்கலாம் என்று டீச்சரம்மா சொல்லியிருக்கிறார். கூடத்துச் சாவியும் பெட்டிச் சாவியும் என் வீட்டில் இருக்கின்றன, எந்த நேரமும் கதவைத் தட்டலாம்.

இப்படிக்கு,
செயலாளர்