இரண்டாவது கோல்கீப்பருக்கு ஓர் இடம்

சர்வதேசக் கால்பந்து சங்க வாரியத்தின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கோல்கீப்பரை நினைத்து நீங்கள் எழுதும் விதிகளில் பல அவர் கையைக் கட்டிப்போடுபவை. சொந்த அணிக்காரர் காலால் தள்ளிவிடும் பந்தைக் கையால் தொடக்கூடாது என்றீர்கள், அது 1992. எட்டு நொடிக்கு மேல் பந்தைப் பிடித்துவைத்தால் எதிரணிக்குக் கார்னர் என்றீர்கள், அது 2025. ஆட்டம் விறுவிறுப்பாக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அவருக்குச் சாதகமாகவும் ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல். என் சாட்சி ஜிம் லெய்ட்டன்.

ஸ்காட்லாந்துக்காக 91 ஆட்டங்கள். 1983இல் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பை இறுதியில், ஸ்வீடனின் கோதன்பர்க்கில் ரியல் மாட்ரிட்டை வீழ்த்திய ஸ்காட்டிஷ் அணியான அபர்டீனின் கோல்கீப்பர். உங்கள் 1992 விதி வந்தபோது அவருக்கு வயது 34. இனிமேல் காலால் ஆடக் கற்றுக்கொள் என்றால் பலர் கையுறையைக் கழற்றியிருப்பார்கள். இவரோ 40ஐத் தொடவிருந்த வயதில், 1998 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிரே நின்றார்.

1985 செப்டம்பர் 10, கார்டிஃப். வேல்ஸுடன் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. முதல் பாதியில் லெய்ட்டனின் கண்ணிலிருந்து கான்டாக்ட் லென்ஸ் ஒன்று விழுந்துவிட்டது. மாற்று லென்ஸ் கையில் இல்லை. அவர் லென்ஸ் அணிபவர் என்பதே மேலாளர் ஜாக் ஸ்டெய்னுக்குத் தெரியாது. உதவிக்கு இருந்த அலெக்ஸ் ஃபெர்குசனுக்கும் தெரியாது. இத்தனைக்கும் அபர்டீனில் அவருடைய மேலாளரே ஃபெர்குசன்தான்! இடைவேளையில் மாற்று கோல்கீப்பர் ஆலன் ரஃப் இறங்கினார், ஆட்டம் 1-1 என முடிந்தது. அதன் இறுதியில் ஸ்டெய்ன் மயங்கி விழுந்து இறந்துபோனது தனித் துயரம். ரஃப் பெஞ்சில் இருந்ததால்தான் அன்று அணி தப்பியது.

பிறகு ஃபெர்குசனும் லெய்ட்டனும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார்கள். 1990இல் அந்த அணி, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் 3-3 எனச் சமன் செய்தது. மறு ஆட்டத்துக்கு லெய்ட்டனை நீக்கிவிட்டு இன்னொரு கோல்கீப்பரான லெஸ் சீலியை நிறுத்தினார் ஃபெர்குசன். வென்ற பதக்கத்தை லெய்ட்டனிடமே கொடுக்க முன்வந்தார் சீலி. இரண்டாவது கோல்கீப்பர் என்றால் இளப்பமாகப் பார்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நான் சொல்ல வந்தது 2000 மே 27. ஹாம்ப்டன் பார்க், ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி, மீண்டும் அபர்டீனுக்கு ஆடிய லெய்ட்டனின் கடைசி ஆட்டம். எதிரணி ரேஞ்சர்ஸ். தொடங்கிய சில நிமிடங்களிலேயே மோதலில் முகத்தில் பலத்த அடிபட்டு வெளியேறினார். மாற்று ஆட்டக்காரர்களாக மூன்று பேரைத்தான் பெயர் கொடுக்கலாம் என்பது அன்றைய கணக்கு; அபர்டீன் கொடுத்த மூன்றில் கோல்கீப்பர் இல்லை. முன்கள வீரர் ராபி வின்டர்ஸ் கையுறை மாட்டிக்கொண்டார். முடிவு 4-0, வென்றது ரேஞ்சர்ஸ்.

அடிபட்ட கோல்கீப்பருக்கு மைதானத்துக்குள்ளேயே சிகிச்சை தர உங்கள் விதி அனுமதிக்கிறது. எழ முடியாவிட்டால்? தலையில் அடிபட்டவருக்குக் கூடுதல் மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடும், பெஞ்சில் கோல்கீப்பரே இல்லாத அணிக்கு உதவாது. ஆகவே ஆட்டக்காரர்களைப் பற்றிய மூன்றாம் விதியில் ஒரு வரி சேருங்கள்: மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கையில் சேராமல், ஒரு கோல்கீப்பர் கட்டாயம் பட்டியலில் இருக்க வேண்டும்.

வாரியத்தில் ஸ்காட்லாந்துக் கால்பந்து சங்கத்துக்கும் ஓர் ஓட்டு உண்டு. அந்தச் சங்கத்தின் அலுவலகம் இருப்பது ஹாம்ப்டன் பார்க்கிலேயே. முதலில் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
கோல்கீப்பர்களின் பக்கம் நிற்கும் ஒரு ரசிகன்