காக்கா ஆழியும் பாலமீன்மடுத் தூணும்

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் படங்களும் வந்து பத்து நாளாயிற்று. சோம்பலில்லை. நீ சொன்ன மட்டி நம்மட மட்டக்களப்பு ஆற்றிலும் இருக்கிறதா என்று ஒருக்காப் பார்த்துவிட்டு எழுதலாமென்று இருந்தேன்.

'காக்கா ஆழி' என்றதும் முதலில் விளங்கவில்லை. 1990இல் போனவன், கும்மிடிப்பூண்டியிலேயே இருந்து மட்டியை ஆழி என்று சொல்லப் பழகிவிட்டாய்! எண்ணூரில் கால் வைத்தால் சேறே படவில்லை, கறுப்புப் பாய் விரித்த மாதிரி மட்டி, பாதத்தைக் கிழிக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு உறுத்தியது, றால் இப்போது படுவதில்லை என்ற கதைதான். றால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கிற சாதி. புதைய இடமில்லையென்றால் அங்கே ஏன் நிற்கப்போகிறது?

தென் அமெரிக்க மட்டி அது. 2014இல் பிலிப்பைன்ஸ், 2016இல் சிங்கப்பூர், மறுகா கேரளம், இப்போது உன் வாசலில். கப்பல் சரக்கு இறக்கியதும் ஆட்டம் காணாமலிருக்கக் கடல்தண்ணியை வயிற்றில் நிரப்பிக்கொள்கிறது. அடுத்த துறையில் கொட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் அதோடு இறங்கும். அந்தத் தண்ணியைச் சுத்திகரிக்க வேண்டுமென்ற சர்வதேச உடன்படிக்கை 2004இல் எழுதப்பட்டு 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. பதின்மூன்று வருசம்! மட்டி காத்திருக்குமா?

சனிக்கிழமை விடியப்புறம் பாலமீன்மடுப் பக்கம் போனேன். தோணி கட்டுகிற பழைய கொங்கிறீட் தூணொன்றைப் பேனாக்கத்தியால் சுரண்டி, பேப்பரில் பரப்பினேன். தூணில் ஒட்டி வளர்கிற கொட்டலசு, உடைந்த சிப்பி, நகமளவு நண்டு ஒன்று. அதுக்குள் கறுப்பாய் இரண்டு மட்டி. நெஞ்சு திக்கென்றது. ஆற்றுத் தண்ணியில் கழுவினேன். ஓரம் பச்சையாய்த் தெரிந்தது. திருகோணமலையில் அவித்துத் தின்றோமே, அந்தப் பச்சை மட்டி. அதுவும் லேசுப்பட்டதில்லை: 1999இல் அமெரிக்காவின் டம்பா குடாவில் மின்நிலையத் தண்ணிக் குழாயை அடைத்துக்கொண்டு கிடந்தது. அங்கே அதுதான் வந்தேறி.

பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த பொடியன், "என்ன சேர், மட்டிக் கறியா?" என்று சிரித்தான். விளக்கிச் சொன்னேன். "ஓ, ஆற்றுவாழை மாதிரி" என்றான். நீ இப்போது ஆகாயத்தாமரை என்பாய். அவன் சொன்னது சரி, பாதி. 1905இல் பூ வடிவென்று இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். 1909இல் அதை ஒழிக்கச் சட்டமே போட்டார்கள். கிட்டங்கிப் பக்கம் போய்ப் பார், எது வென்றதென்று. ஆனாலும் ஆற்றுவாழைக்கு உப்பு ஆகாது. முகத்துவாரம் வெட்டிக் கடல் ஏறினால் கருகிவிடும். உன் காக்கா ஆழிக்கு மாரித் தண்ணியும் ஒன்று, கோடைத் தண்ணியும் ஒன்று.

அவுஸ்திரேலியாவின் டார்வினில் 1999இல் இதே மாதிரி ஒரு வந்தேறி மட்டி படகுத்துறையில் கிளம்பியது. ஆறு மாதத்துக்கு முந்தின சோதனையில் ஒன்றுகூட இல்லை. துறைக்குக் கதவு இருந்தபடியால் மூடிவிட்டு, குளோரினும் துருசும் கொட்டிச் சில வாரத்தில் தீர்த்துக்கட்டினார்கள். உள்ளே கிடந்த மற்ற உசிர்களும் போயிற்று, அது வேறு கதை. நம்மட ஆற்றுக்குக் கதவு எங்கே? இங்கே கப்பல் வராது என்று ஆறுதல் சொல்லவும் முடியவில்லை. வாழைச்சேனைப் பலநாள் மீன்பிடிக் கலங்கள் போகாத இடமில்லை, அடிப்பலகையில் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறதென்று யார் குனிந்து பார்க்கிறார்கள்?

அதனால் அந்தத் தூணை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பறுவத்துக்கும், பௌர்ணமி தவறாமல், போய்ச் சுரண்டப்போகிறேன். பொடியனும் தன்ர தோணி அடியைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னான். வீட்டுக்காரி, "ஓய்வெடுத்த வாத்திக்குத் தூண் கிடைச்சிட்டு" என்கிறாள். அவவுக்கு முழங்கால் வலி இன்னும் குறையவில்லை.

ஒரு உதவி செய். உன் படத்தில் மட்டியின் அளவு பிடிபடவில்லை. குஞ்சு, நடுத்தரம், பெரிசு மூன்றையும் வரிசையாக வைத்து, பக்கத்தில் ஒரு ரூபாய்க் குத்தி போட்டு இன்னொரு படம் அனுப்பு. உள்பக்க நிறமும் தெரிய வேண்டும்.

உன்ர,
கல்லடி மச்சான்