இடவலம் மாறிய ஆக்ரோபோலிஸ்

ஆசிரியருக்கு,

ஏதென்ஸின் பழைய புகைப்படங்கள் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் முதலில் வந்துள்ள 1840களின் டாகரோடைப் (உலோகத் தகட்டில் நேரடியாகப் பதியும் தொடக்ககாலப் புகைப்பட முறை) படம் இடவலம் மாறியிருக்கிறது. மேற்கிலிருந்து ஏதென்ஸின் கோட்டைக் குன்றான ஆக்ரோபோலிஸின் வாயிலைப் பார்த்தால், அங்குள்ள சிறிய நைக்கி கோயில் வலக்கைப் பக்கம் வரவேண்டும். உங்கள் படத்தில் இடப்பக்கம் நிற்கிறது.

அச்சகத்தைக் குறை சொல்ல முடியாது, டாகரோடைப் முறையே அப்படி. வெள்ளி பூசிய செப்புத் தகட்டை முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றி, பொன்மஞ்சள் நிறம் வரும்வரை அயோடின் ஆவியில் காட்டி, கேமராவில் வைப்பார்கள். படமெடுத்தபின் சூடேற்றிய பாதரசத்தின் ஆவியில் பிம்பம் எழும்பும். ஹைப்போ என்ற உப்புக் கரைசலில் கழுவினால் நிலைக்கும். நெகட்டிவ் கிடையாது. லென்ஸ் விழுத்திய பிம்பமே கடைசிப் படமும் என்பதால், இடவலம் மாறியது மாறியபடியே நின்றுவிடும். லென்ஸின் முன் கண்ணாடியோ பட்டகமோ வைத்துச் சரிசெய்தவர்களும் உண்டு. வெளிச்சம் குறைந்து எக்ஸ்போஷர் நேரம் (தகட்டில் ஒளி விழவேண்டிய நேரம்) நீளும் என்பதால் பலர் அந்த வம்புக்குப் போகவில்லை. ஆகவே எல்லா டாகரோடைப் படங்களையும் கணினியில் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிவிடவும் கூடாது. கட்டடத்தோடு ஒப்பிட்டே ஆகவேண்டும். ஆக்ரோபோலிஸின் எரெக்தியோன் கோயில் என்றால், மேற்கிலிருந்து பார்க்கையில் பெண் சிலைத் தூண்கள் வலப்பக்கம் இருக்கும். ரோமின் செப்டிமியஸ் செவரஸ் வளைவில் சிரமமே இல்லை, கல்வெட்டே காட்டிக்கொடுத்துவிடும்.

தொடக்ககாலப் புகைப்படக்காரர் ஜோலி டி லோட்பினியேரின் 1839 படத்தில், ஆக்ரோபோலிஸின் பார்த்தீனான் கோயிலருகே ஆட்கள் தெரிவதைக் கட்டுரையாளர் வியக்கிறார். வியக்க ஒன்றுமில்லை. லோட்பினியேரின் தகடுகள் கிடைக்கவில்லை; நாம் பார்ப்பது தகட்டைப் பார்த்துச் செதுக்கி, பாரிஸ் பதிப்பாளர் லெரெபூர் வரிசையாக வெளியிட்ட அச்சுப்படங்களில் ஒன்று. எக்ஸ்போஷர் நிமிடக்கணக்கில் ஓடிய காலத்தில் நடமாடுகிறவர் தகட்டில் பதியமாட்டார். இந்த வரிசைப் படங்களில் ஆட்களைச் சேர்த்தவர்கள் செதுக்கியவர்களே. தகட்டில் கண்டதை அப்படியே செதுக்கினால், அச்சில் இடவலம் இன்னொரு முறை மாறிச் சரியாகிவிடும் என்பது வேறு விஷயம். ஆனால் பார்த்தீனானுக்குள் தெரியும் சிறு மசூதி கற்பனையல்ல. 1840களின் தொடக்கத்தில்தான் அது அகற்றப்பட்டது.

கடைசிப் படத்தின் '1880' என்ற குறிப்பும் இடிக்கிறது. அதில் ஆக்ரோபோலிஸ் வாயிலின் தென்புறம் உயர்ந்து நிற்கும் சதுரக் கோபுரத்தை 1875இலேயே இடித்துவிட்டார்கள். பிரதி வேண்டுமானால் 1880இல் போட்டதாக இருக்கலாம். நெகட்டிவ் அதற்கு முந்தையது.

– வாசகர், திருச்சி