பனி காவல் காத்த காடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கனடாவில் காடு எரிகிறது என்று செய்தி வந்தால், 'அங்கே பனி கொட்டுமே, எப்படி எரியும்?' என்று எங்கள் குலசேகரம் டீக்கடையில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்தப் பனிதான் காட்டுக்குக் காவல். பூமி சூடாகச் சூடாக அது முன்கூட்டியே உருகிவிடுகிறது, தீ பிடிக்கும் காலம் நீள்கிறது. ஒரு டிகிரி கூடினால் காற்றால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்க முடியும். மழை இல்லாத நாட்களில் காற்று அந்தத் தாகத்தை மண்ணிலும் சருகிலும் உள்ள ஈரத்தை உறிஞ்சித் தீர்த்துக்கொள்கிறது. அப்புறம் ஒரு மின்னல் போதும். 2021 ஜூன் 29 அன்று அங்குள்ள லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி செல்சியஸ் பதிவானது. நம் நாகர்கோவில்கூடக் காணாத வெயில்! மறுநாளே ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது.

நமக்கு இரண்டு பருவமழை உண்டு, சரி. ஆனாலும் தை, மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து காலடியில் சரசரக்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. மருந்துவாழ்மலையில் புல் காய்ந்து நிற்பதும் அப்போதுதான். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்ததை மறக்க முடியுமா?

அந்த இரண்டு மாதமும் தோட்டங்களில் சருகு கொளுத்துவதை நாம் நிறுத்த வேண்டும். மலையோரத் தீத்தடுப்புக் கோடுகளை (தீ தாண்டாதபடி புல், சருகு அகற்றிய வெற்றுப் பாதைகளை) மார்கழிக்குள் வெட்டி முடிக்கும்படி வனத்துறையை உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரப்பர் விவசாயி ஒருவர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.